நான் வெட்டி எறிந்த ரசீது

வடமாநிலத் தொழிலாளர்களைக் கேலி செய்து மீம் போட்டுப் பேர் வாங்கியவர்களில் நானும் ஒருவன். அந்த மீம்களில் ஒன்றைப் பொய் என்று தெரிந்தே போட்டேன். பின்னாளில் அதே படம் இன்னொரு பெரிய பொய்க்குத் துணைபோய், ஊரே பதறி நின்ற நாட்களில் என் கண்முன்னால் வந்து நின்றது. உண்மை தெரிந்தவன் நான். வாயைத் திறக்கவில்லை. இதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. என் மேல் எந்த வழக்கும் இல்லை. வழக்கு இல்லாததால் குற்றமும் இல்லை என்று இத்தனை நாள் இருந்துவிட்டேன். அந்த வசதி எனக்கு உறுத்தத் தொடங்கியதால்தான் எழுதுகிறேன்.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை எனக்கு. பகலெல்லாம் சாம்பிள், ஷிப்மென்ட், பையருக்கு மெயில். இரவில் மீம். ஒரு நண்பனோடு சேர்ந்து தொடங்கிய பக்கம். அவன் கல்யாணமாகி ஒதுங்கிக்கொண்ட பிறகு நான் மட்டுமே அட்மின்.

மீம் மேல் எனக்கு வந்த ஈர்ப்பு வெறும் பொழுதுபோக்கில் பிறந்ததில்லை. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் இளைஞர்கள் கூடியபோது, அந்தக் கூட்டத்தை வீட்டிலிருந்தவர்களிடம் கொண்டு சேர்த்ததில் மீம்களுக்குப் பெரும் பங்கு உண்டு. மேடை ஏறிப் பேச வராத, பத்திரிகையில் எழுத வழியில்லாத ஒருவன் ஒரு படத்தையும் இரண்டு வரியையும் வைத்துக்கொண்டு ஊரோடு பேசிவிடலாம் என்பதை அப்போதுதான் கண்டேன். 2019 மே மாதக் கடைசியில் அது இன்னும் உறுதியானது. கட்டுமானப் பொறியியல் சார்ந்த ஒரு ஃபேஸ்புக் பக்கம் சுத்தியல் படத்தைப் போட்டு, இதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று கேட்டது. நம்மவர் ஒருவர் போய், இது தலையில் விழுந்துதான் காண்ட்ராக்டர் நேசமணிக்கு அடிபட்டது என்ற ரீதியில் பதில் போட்டார். 2001இல் வந்த ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு ஏற்ற பாத்திரம் அது. நேசமணி நலம்பெறப் பிரார்த்திக்கும் ஹேஷ்டேக், பிரதமர் இரண்டாம் முறை பதவியேற்ற அதே நாளில், ட்விட்டரில் உலக அளவில் ஓடியது. யார் இந்த நேசமணி என்று வெளியூர்க்காரர்கள் குழம்பி நின்றார்கள். நமக்குத் தெரியும். அந்த ‘நமக்கு’ என்பதில் இருந்த சந்தோஷத்தை நான் முழுசாக அனுபவித்தேன். துபாயில் இருப்பவனும், பெங்களூரில் இருப்பவனும், கருமத்தம்பட்டியில் இருப்பவனும் ஒரே காட்சியை நினைத்து ஒரே நேரத்தில் சிரித்தோம். தமிழன் என்ற உணர்வை எந்தக் கூட்டத்திலும் நான் அவ்வளவு இலகுவாக உணர்ந்ததில்லை.

‘நமக்கு’ என்று சொல்ல ஆரம்பித்தால் ‘அவர்களுக்கு’ என்ற சொல்லும் கூடவே வந்துவிடும். முதலில் அந்த ‘அவர்கள்’ இந்தித் திணிப்பு பேசும் அரசியல்வாதிகளாக இருந்தார்கள். அவர்களைக் கேலி செய்ததில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. அதிகாரத்தைக் கேலி செய்வது மீமுக்கு அழகு. ஆனால் அந்த மீம்களை ஆழ்ந்து யோசித்துச் செய்யவேண்டியிருந்தது, ரீச்சும் சுமாராகத்தான் வந்தது. ஒரு நாள், டிராலி பைக்குப் பதில் பெயின்ட் டப்பாவில் துணி அடைத்துக்கொண்டு ரயில் ஏறும் தொழிலாளியைப் பற்றி ஒன்று போட்டேன். ‘வடக்கன்’ என்று எழுதியிருந்தேன். காலையில் எழுந்து பார்த்தால், அதுவரை நான் பார்த்திராத எண்ணிக்கையில் ஷேர். அதன் பிறகு நான் எதைத் தேடி இரவில் உட்கார்ந்தேன் என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. ரிசர்வேஷன் பெட்டியில் நெரிசல், பான்பராக் வாய், பானிபூரி வண்டி, ஹோட்டலில் தமிழ் தெரியாத சப்ளையர் என்று வரிசையாகப் போட்டேன். டெம்ப்ளேட் தயாராக இருந்தது: மேல் பாதியில் அவன், கீழ் பாதியில் நம் நகைச்சுவை நடிகர் ஒருவரின் முகம். எந்த முகத்தைப் போட்டால் எவ்வளவு ஓடும் என்பது வரை எனக்கு அத்துப்படி.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பக்கம் வளர்ந்ததும் பின்தொடர்பவர்களே மீம் செய்து இன்பாக்ஸில் அனுப்பத் தொடங்கினார்கள். எதைப் போடுவது, எதைத் தள்ளுவது என்பது என் முடிவு. அதற்குக் கறாரான விதிகள் வைத்திருந்தேன். சாதிப் பெயர் வரக்கூடாது. சாமி கூடாது. கட்சித் தலைவர்கள் படம் கூடாது. நடிகர்களின் ரசிகர்களை மோதவிடுவது கூடாது. வந்ததில் பாதிக்கு மேல் இந்த விதிகளால் தள்ளியிருப்பேன். பொறுப்பான அட்மின் என்று என்னைப் பற்றி நானே நினைத்துக்கொண்டேன். இன்று அந்தப் பட்டியலைப் பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது. அதில் இருந்த எல்லோருக்கும் கேட்க ஆள் உண்டு. சாதிச் சங்கம் வரும், கட்சிக்காரர் வருவார், ரசிகர் மன்றம் வரும். பட்டியலில் இல்லாத ஒரே கூட்டம், நான் எழுதுவதைப் படிக்கவே தெரியாத கூட்டம். தமிழ் படிக்கத் தெரியாத ஒருவரைத் தமிழில் கேலி செய்வதில் எனக்கு எந்த ஆபத்தும் இல்லை. அதனால்தான் அவர்களைத் தேர்ந்தெடுத்தேன். இதைத் தமிழ்ப்பற்று என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது கோழைத்தனம்.

2022 கோடையில் அந்தப் படத்தை எடுத்தேன். வேலூரில் ஒரு கல்யாணம் முடித்து, காட்பாடியில் தன்பாத் – ஆலப்புழை எக்ஸ்பிரஸ் ஏறினேன். எனக்கு ஸ்லீப்பரில் டிக்கெட் உறுதியாகியிருந்தது. பெட்டிக்குள் கால் வைக்க இடமில்லை. கழிப்பறைக்குப் பக்கத்தில், வாஷ்பேசினுக்குக் கீழே, மூடி போட்ட பெயின்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்து ஒருவர் வந்துகொண்டிருந்தார். முப்பது வயதிருக்கும். கட்டம் போட்ட சட்டை, கழுத்தில் சுற்றிய துண்டு. ஜோலார்பேட்டை தாண்டி டிடிஆர் வந்தார். அந்த மனிதர் முன்பதிவில்லாத டிக்கெட்டை எடுத்துக் காட்டி, ஜெனரல் பெட்டியில் ஏறவே முடியவில்லை என்று கையால் சைகை செய்தார். டிடிஆர் மறுத்துத் தலையாட்டிவிட்டு அபராதம் எழுதினார். அந்த மனிதர் உள்பாக்கெட்டிலிருந்து மடித்து வைத்த ரூபாய்த் தாள்களை எடுத்து இரண்டு முறை எண்ணிக் கொடுத்தார். ரசீதை வாங்கி, டிக்கெட்டோடு சேர்த்துச் சட்டைப் பையில் வைத்தார். வெள்ளைத் தாளின் முனை பைக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் சுவரில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிப்போனார்.

அப்போது படம் எடுத்தேன்.

சேலம் வருவதற்குள் மீம் தயார். கட்டத்தைச் சுருக்கி அவர் முகமும் கழுத்தும் மட்டும் வருமாறு வெட்டினேன். சட்டைப்பையும் ரசீது முனையும் வெளியே போயின. தற்செயலாகப் போகவில்லை. அந்த வெள்ளைத் தாள் இருந்தால் மீம் நிற்காது என்று தெரிந்துதான் விரலால் கட்டத்தை மேலே தள்ளினேன். பிறகு எழுதினேன்: “டிக்கெட் எடுத்தவன் நிக்கிறான், ஓசியில வந்தவன் தூங்குறான். எங்க போய் முட்டிக்கிறது?” நான் நிற்கவும் இல்லை. என் பெர்த்தில் சாய்ந்தபடிதான் இதைச் செய்தேன். என் பக்கத்திலேயே அதிகம் ஓடிய மீம்களில் ஒன்றாக அது ஆனது. வேறு பக்கங்கள் எடுத்துப் போட்டன. என் கசின் வாட்ஸ்அப் குரூப்பில் எனக்கே அனுப்பினான்.

கமென்ட்டுகளுக்கு நடுவில் ஓர் ஆசிரியை எழுதியிருந்தார்: “தம்பி, தூங்குற மனுஷன அவருக்குத் தெரியாம படம் எடுக்கலாமா? அவர்கிட்ட டிக்கெட் இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?” சரியான இடத்தில் விழுந்த கேள்வி. அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. என் வாசகர்கள் சொன்னார்கள், காது கொடுத்துக் கேட்க முடியாத வார்த்தைகளில். அவருடைய கமென்ட்டை மறைத்தேன். வசவுகளை அப்படியே விட்டேன். அவர் அந்த மீமை ரிப்போர்ட் செய்தார். விதிமீறல் எதுவும் இல்லை என்று தளத்திடமிருந்து அவருக்குப் பதில் போயிருக்கிறது. அந்தப் பதிலைப் படம்பிடித்து அவரே வேதனையோடு போட்டிருந்தார். நான் அதை எடுத்து, பார்த்துக்கொள்ளுங்கள், என் மேல் தப்பில்லை என்று தனிப் பதிவாகவே போட்டேன். அதற்கும் கைதட்டல் கிடைத்தது.

அந்தப் பதிலை நான் ஒரு நற்சான்றிதழாக எடுத்துக்கொண்டேன். தளம் நீக்கவில்லை, ஆகவே தவறில்லை. சட்டம் கேட்கவில்லை, ஆகவே குற்றமில்லை. என் மனசாட்சியை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். அந்தக் கை எவ்வளவு பார்வையற்றது என்பது, இதே விஷயத்தில் தொடர்ந்து படித்து வந்த எனக்குத் தெரியாததும் அல்ல.

ஃபேஸ்புக் நிறுவனமே 2020இல் வெறுப்பு மீம்களைக் கண்டுபிடிக்க ஒரு போட்டி நடத்தியது. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மீம்களைத் தொகுத்துக் கொடுத்து, 1 லட்சம் டாலர் பரிசும் அறிவித்தது. கஷ்டம் எங்கே என்று அவர்களே ஓர் எடுத்துக்காட்டில் காட்டினார்கள். ஆளரவமற்ற பாலைவனத்தின் படத்தில் எந்தத் தீங்கும் இல்லை. உன்னை எத்தனை பேர் நேசிக்கிறார்கள் பார் என்ற வரியிலும் தீங்கில்லை. இரண்டையும் ஒன்றாக வைத்தால் குத்தல். படத்தைத் தனியாகவும் எழுத்தைத் தனியாகவும் படிக்கும் இயந்திரம் இதில் தடுக்கி விழும். ஆங்கிலத்திலேயே இந்தக் கதி என்றால், பேச்சுத்தமிழில் எழுதி, இருபது வருடத்துக்கு முந்தைய ஒரு சினிமாக் காட்சியின் முகத்தைக் கீழே வைத்த என் மீமை அது எப்படிப் புரிந்துகொள்ளும்?

மனிதர்களே உட்கார்ந்து பார்த்தாலும் சறுக்கல் நேர்கிறது. எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாமல் ஒருவன் வியர்த்து நிற்கும் பிரபலமான கார்ட்டூன் டெம்ப்ளேட் உண்டு. அதில் முகத்துக்குப் பதில் துருக்கிக் கொடியை வைத்து, ஆர்மீனிய இனப்படுகொலையை மறுக்கவும் செய்து நியாயப்படுத்தவும் செய்யும் துருக்கி அரசின் இரட்டை நிலையை ஒருவர் கேலி செய்திருந்தார். ஃபேஸ்புக் அதை நீக்கியது. நிறுவனத்தின் மேற்பார்வை வாரியம் 2021 மே மாதம் அந்த முடிவைப் புரட்டி, மீமைத் திரும்ப வைக்கச் சொன்னது. அங்கதத்துக்கு விலக்கு உண்டு என்ற விதி நிறுவனத்துக்குள் இருந்திருக்கிறது, ஆனால் பயன்படுத்துவோர் படிக்கும் பொது விதிகளில் இல்லை என்பதும் அப்போது வெளியே வந்தது. பாதிக்கப்பட்டவர்களின் பக்கம் நின்ற மீம் நீக்கப்பட்டது. பாவப்பட்டவரைக் கேலி செய்த என் மீம் நின்றது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. மீமின் பொருள் திரையில் முழுசாக இருப்பதில்லை. பார்ப்பவர்களின் பொது நினைவில் இருக்கிறது. வெளியாளுக்கு அது எட்டாது.

அப்படியானால் யாருக்கு எட்டும்? உள்ளே இருப்பவர்களுக்கு. எனக்கு. அந்தப் படத்தில் என்ன இருந்தது, என்ன வெட்டப்பட்டது, எந்தச் சிரிப்பை அது கிளப்பும், அந்தச் சிரிப்பு யாரைச் சுடும் என்று இந்த உலகத்தில் முழுசாகத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். நேசமணியை நமக்கு மட்டும் சொந்தமாக்கிய அதே பொதுநினைவுதான் என் பொய்க்கும் மறைவிடம் கொடுத்தது. தளத்துக்குத் தெரியாததை நான் அறிந்திருந்தேன் என்பதால் என் பொறுப்பு கூடியிருக்க வேண்டும். நான் அதைக் குறைத்துக்கொள்ளப் பயன்படுத்தினேன்.

இன்னொன்றும் எனக்குத் தெரிந்திருந்தது. என் பெரியப்பா அறுபதுகளில் பம்பாய் போனவர். தாராவியில் இருந்துகொண்டு மாட்டுங்காவில் ஒரு மெஸ்ஸில் வேலை பார்த்தார். கார்ட்டூனிஸ்டாக இருந்த பால் தாக்கரே 1960இல் ‘மார்மிக்’ என்ற கேலிச்சித்திர வாரப்பத்திரிகையைத் தொடங்கினார். அலுவலகங்களில் வேலை பார்க்கும் தென்னிந்தியர்களின் பெயர்ப்பட்டியல் அதில் வெளிவந்தது. 1966இல் சிவசேனை பிறந்தது. லுங்கிக்காரனை விரட்டு என்ற முழக்கம் தெருவுக்கு வந்தது. முதலில் சிரிப்பு, பிறகு பட்டியல், பிறகு கல். பெரியப்பா வேட்டியை மடித்துப் பையில் வைத்துவிட்டு, பேன்ட் போட்டுக்கொண்டு வெளியே போன கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தேன். “மதராசின்னு கூப்பிட்டு நாலு பேரு சிரிச்சா போதும்டா, அஞ்சாவது ஆளு அடிக்கறதுக்கு யோசிக்க மாட்டான்” என்பார். இந்தி சினிமாவில் நம்மை ‘ஐயோ’ போடும் கோமாளியாகக் காட்டினால் கொதித்துப் பதிவு போடுகிறவன் நான். பெரியப்பாவின் கதையைத் தெரிந்துகொண்டே கேலிச்சித்திரக்காரனின் இடத்தில் போய் உட்கார்ந்தேன். அறியாமை என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

2023 பிறந்தது. ஜனவரிக் கடைசியில், திருப்பூரில் வடமாநிலத்தவர் உள்ளூர்க்காரர்களைத் துரத்துவதாக ஒரு வீடியோ பரவியது. ஒரு டீக்கடைத் தகராறுதான் மூலம் என்று போலீஸ் விளக்கியதற்குள் ஊர் சூடாகியிருந்தது. நானும் அந்தச் சூட்டில் மீம் போட்டேன். பிப்ரவரியில், நெரிசலான ரயில் பெட்டியில் இந்தி பேசும் தொழிலாளர்களை ஒருவர் திட்டி அடிக்கும் வீடியோ வந்தது. ரயில்வே போலீஸ் வழக்குப் பதிந்து அவரைக் கைது செய்தது. அந்த வீடியோவில் அவர் பேசியது எனக்குப் புதிதாக இல்லை. ரயில், சீட்டு, வேலை என்று என் மீம்களின் கீழே ஆயிரம் பேர் எழுதியதைத்தான் அவர் வாயால் சொன்னார். சொல்லிவிட்டுக் கையையும் ஓங்கினார்.

மார்ச் முதல் வாரத்தில் எல்லாம் தலைகீழானது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று இந்தியில் வீடியோக்கள் பறந்தன. அப்போது டிஜிபியாக இருந்த சைலேந்திர பாபு வீடியோவிலேயே மறுத்தார். பரவியவற்றில் ஒன்று பீகார்த் தொழிலாளர்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டது, மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் இருவருக்கு இடையிலான மோதல் என்று விளக்கினார். முதல்வர் ஸ்டாலின் பீகார் முதல்வர் நிதிஷ் குமாரிடம் பேசினார். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு திருப்பூருக்கே வந்து பார்த்தது. மாவட்ட நிர்வாகம் இந்தியில் அறிவிப்புச் செய்து உதவி எண்கள் கொடுத்தது. கொலை என்று சொல்லப்பட்டது முழுப்பொய். தமிழர்கள் மேல் விழுந்த அநியாயமான பழி. அதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை.

ஆனாலும் எங்கள் கம்பெனித் தொழிலாளர்கள் அதை நம்பினார்கள். அந்தச் சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் பலர் ஊருக்குக் கிளம்ப நின்றார்கள். ஹோலிக்குப் போகிறோம் என்றார்கள் சிலர். முகத்தில் பண்டிகைக் களை இல்லை.

அயர்னிங் பிரிவில் பீகார்க்காரர் ஒருவர் இருந்தார். தமிழ் ஓரளவு பேசுவார். நான் அவசரமாகப் பேக்கிங் பக்கம் போகும்போது என்னை நிறுத்தி போனை நீட்டினார். வாட்ஸ்அப்பில் ஒரு படம். கீழே இந்தியில் ஏதோ எழுதியிருந்தது. கட்டம் போட்ட சட்டையின் காலர், கழுத்தில் துண்டு, சாய்ந்த தலை, லேசாகத் திறந்த வாய். நான் எடுத்த படம். கீழே இருந்த நடிகர் முகமும் என் பக்கத்தின் வாட்டர்மார்க்கும் வெட்டப்பட்டிருந்தன. திருப்பூரில் அடித்துக் கொல்லப்பட்ட பீகார்த் தொழிலாளி என்று எழுதியிருப்பதாக அவரே சொன்னார்.

“சார், இது நெஜமா? இந்த ஆளு செத்துப்போச்சா?”

அவர் என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. கம்பெனியில் படித்தவன், போன் விவரம் தெரிந்தவன் என்று என் மேல் அவருக்கு ஒரு நம்பிக்கை. நான் சொல்லியிருக்கலாம்: இல்லை, இவர் சாகவில்லை, ரயிலில் தூங்குகிறார், இந்தப் படத்தை எடுத்தவனே நான்தான். என் போனில் மூலப்படம் இருந்தது, தேதியும் நேரமும் சேர்ந்தே இருந்தன. அதைத் திறந்து காட்ட அரை நிமிடம் போதும். பக்கத்தில் போட்டிருந்தால் பத்திரிகைக்காரர்களும் போலீசும் அதையே ஆதாரமாக எடுத்துக் காட்டியிருப்பார்கள். அத்தனை பொய்களில் ஒன்றையாவது அன்றே உடைத்திருக்கலாம்.

“தெரியல” என்றேன். ஷிப்மென்ட்டுக்கு நேரமாகிறது என்று நகர்ந்துவிட்டேன்.

கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு முதலில் செய்த காரியம், என் பக்கத்திலிருந்து அந்த மீமை நீக்கியது. பிறகு ‘வடக்கன்’ மீம்கள் அத்தனையையும் தேடித் தேடி அழித்தேன். வதந்தி பரப்பியவர்கள் மேல் வழக்குகள் பதிவாகிக்கொண்டிருந்த நேரம். பிறந்த இடம், வசிக்கும் இடம், மொழி ஆகியவற்றை வைத்துப் பகை வளர்ப்பது, அப்போது நடைமுறையில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டம் 153ஏ பிரிவில் குற்றம் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது, மூன்றாண்டு வரை சிறை என்பதும் தெரிந்திருந்தது. தளத்தின் விதிகளில் என் மீம் சிக்காமல் நழுவியிருக்கலாம். சட்டம் என் குற்றத்தைப் பெயர் சொல்லியே எழுதி வைத்திருந்தது. அந்தப் பயத்தில் ஒருவரின் உயிர்ப்பயத்தைக் கண்ணால் பார்த்தும் கடந்து போனேன். மீம் போட்டதைவிட இது பெரிய தவறு. மீம் போட்டபோது சிரிப்பு கண்ணை மறைத்தது என்றாவது சொல்லலாம். இங்கே மறைக்க எதுவும் இல்லை. கேள்வி கேட்டவர் முகம் ஒரு முழத்துக்குள் இருந்தது.

அவர் அன்றிரவு கிளம்பினார். ஊருக்குப் போனவர்களில் பலர் ஹோலி முடிந்து திரும்பினார்கள். அவர் திரும்பவில்லை. வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கலாம், வீட்டில் விடாமல் இருந்திருக்கலாம். என்னால்தான் திரும்பவில்லை என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. என்னால் இல்லை என்று சொல்லவும் ஆதாரம் இல்லை.

பொய்யைக் கட்டியவர்கள் வேறு யாரோ. இருந்தும், அதை நம்பக்கூடியதாக ஆக்கியதில் என் பங்கு உண்டு. தமிழ் படிக்கத் தெரியாவிட்டாலும் தங்கள் முகங்களை வைத்து இங்கே சிரிக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். ரயிலில், டீக்கடையில், பஸ்ஸில், போனைப் பார்த்துவிட்டுத் தங்களைப் பார்த்துச் சிரிப்பவர்களை அவர்கள் கவனிக்காமல் இருந்திருப்பார்களா? நம்மை அடிப்பார்கள் என்ற செய்தி வந்தபோது, இந்த ஊர் அப்படிச் செய்யாது என்று சொல்ல அவர்கள் மனதில் எதுவும் மிஞ்சாதபடி நான் வருடக்கணக்கில் வேலை பார்த்திருக்கிறேன்.

இதற்கெல்லாம் தீர்வாக மீம் போடுகிறவர்களைப் பிடித்து உள்ளே போடச் சொல்கிறேனா? இல்லை. 2012இல் மம்தா பானர்ஜி பற்றிய கேலிச்சித்திரத்தை மின்னஞ்சலில் அனுப்பியதற்காக ஜாதவ்பூர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அம்பிகேஷ் மகாபாத்ரா கைதானார். வழக்கிலிருந்து முழுசாக விடுபட அவருக்குப் பத்தாண்டுக்கு மேல் ஆனது. அப்படிப்பட்ட கைதுகளுக்கு வழிவிட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015இல் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் ரத்து செய்தது சரியான காரியம். 2021 டிசம்பரில், சிறுமலைக்குச் சுற்றுலா போன படத்தைப் போட்டுத் துப்பாக்கிப் பயிற்சிக்குப் போகிறோம் என்று வேடிக்கையாக எழுதியவர் மேல் போட்ட வழக்கை சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் ரத்து செய்தார். சிரிப்பதை அடிப்படைக் கடமைகளில் ஒன்றாகச் சேர்க்கலாம் என்ற தொனியில் அந்தத் தீர்ப்பில் எழுதினார். அதைக் கொண்டாடிப் பதிவு போட்டவன் நான். அதே உயர் நீதிமன்றம் 2018இல், பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய ஒரு பதிவைப் பகிர்ந்த வழக்கில், ஒன்றை ஃபார்வர்டு செய்வது அதை ஏற்றுக்கொள்வதற்குச் சமம் என்று சொன்னது. அதைப் பற்றி நான் ஒரு வரி எழுதவில்லை. முதல் தீர்ப்பு தந்த உரிமையை எடுத்துக்கொண்டு, அடுத்தது சுட்டிய பொறுப்பைக் கண்டும் காணாமல் விட்டேன்.

தளங்கள் மாற வேண்டும். 2021இன் தகவல் தொழில்நுட்ப விதிகள், புகாரை 24 மணி நேரத்துக்குள் பதிவு செய்து 15 நாளுக்குள் முடிக்கச் சொல்லியிருந்தன. அந்தப் புகாரைப் படிப்பவருக்குத் தமிழும் தமிழ்நாடும் தெரியாவிட்டால் நாட்கணக்கால் என்ன பயன்? அந்த ஆசிரியையின் புகாரைத் திருப்பூர் ரயிலில் ஒரு தடவை போய் வந்த ஒருவர் படித்திருந்தால் வேறு பதில் போயிருக்கும். இதைக் கேட்டுப் போராட வேண்டியதுதான். ஆனால் என் குற்றத்தைத் தளத்தின் தலையில் இறக்கிவைக்க எனக்கு உரிமையில்லை. தளம் வருவதற்கு முன்னால், சட்டம் வருவதற்கு முன்னால், அந்தப் படத்தின் மேல் என் விரல் இருந்தது.

சமீபத்தில், வெட்டாத மூலப்படத்தில் அவர் முகத்தை மட்டும் மறைத்து, சட்டைப்பையும் ரசீதும் தெரியும்படி என் பக்கத்தில் போட்டேன். தமிழிலும், தெரிந்த ஒருவரைக் கொண்டு இந்தியிலும் எழுதினேன்: இவர் டிக்கெட் எடுத்திருந்தார், அபராதமும் கட்டியிருந்தார், எனக்கு அது தெரியும், மறைத்தேன், 2023இல் இவர் இறந்துவிட்டதாகப் பரவியபோதும் மறைத்தேன். அந்த ஆசிரியையைத் தேடி மன்னிப்புக் கேட்டேன். அவர் பதில் எழுதவில்லை, எழுத வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. பக்கத்தை விட்டு நிறையப் பேர் போனார்கள். தமிழினத் துரோகி என்று திட்டியவர்களில் என் மீம்களைப் பார்த்துத்தான் அப்படிப் பேசக் கற்றுக்கொண்டவர்களும் இருந்தார்கள். அவர்களுக்குக் கோபமாகப் பதில் சொல்ல எனக்கு வாயில்லை.

மீம் பக்கம் நடத்துகிற தம்பி, தங்கைகளிடம் ஒன்றுதான் கேட்கிறேன். இன்பாக்ஸில் வருவதில் எதைத் தள்ளுகிறீர்கள் என்று ஒரு பட்டியல் எழுதிப் பாருங்கள். அதில் இருப்பவர்கள் எல்லோரும் உங்களைத் திருப்பி அடிக்கக்கூடியவர்களாக இருந்தால், நீங்கள் வைத்திருப்பது பயத்தின் பட்டியல், நியாயத்தின் பட்டியல் இல்லை. படத்தில் இருப்பவர் உங்கள் மொழியைப் படிக்கத் தெரிந்தவராக, உங்கள் எதிரில் உட்கார்ந்திருப்பவராக நினைத்துக்கொண்டு, அப்போதும் போட முடிந்தால் போடுங்கள். அதிகாரத்தில் இருப்பவர்களை எவ்வளவு வேண்டுமானாலும் கலாய்த்துக்கொள்ளுங்கள், அந்த உரிமைக்காக உங்களோடு நானும் நிற்பேன். தவறு என்று தெரிந்த நாளில் அழித்துவிட்டு ஓடாதீர்கள். அழித்தால் நம் பக்கம் மட்டும்தான் சுத்தமாகும், பரவிய பொய் பரவிய இடத்திலேயே இருக்கும். அதைத் திருத்துவதற்கு வேண்டிய உண்மை நம் கையில் மட்டுமே இருக்கிறது. அதை உரிய நேரத்தில் வெளியே வைப்பது நம் கடமை. நான் வைக்கவில்லை.